மலக்குழி வீட்டுக்காரரின் சொந்த விவகாரம் அல்ல

2019 முதல் 2023 வரையிலான ஐந்து ஆண்டுகளில், கழிவுநீர்ப் பாதாளச் சாக்கடைகளையும் செப்டிக் டேங்குகளையும் சுத்தம் செய்யும்போது 377 பேர் உயிரிழந்திருக்கின்றனர். இது எதிர்க்கட்சிகள் சொல்லும் கணக்கல்ல. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே அளித்த கணக்கு. இதே அரசுதான் 2021 ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் பணியில் ஈடுபட்டு எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று பதிலளித்தது. குழிக்குள் இறங்கிச் செத்தவர் ‘அபாயகரமான முறையில் சுத்தம் செய்தவர்’ என்ற வேறு பட்டியலில் வருகிறாராம். இறந்தவர்களைச் சொல் மாற்றி மறைக்கும் இந்த வித்தைக்கு அப்பால், இன்னொரு கேள்வி கேட்கப்படாமலே இருக்கிறது. அந்தக் குழிகளில் பெருமளவு எவருடைய பொறுப்பில் இருக்கின்றன?

நீதிமன்றத் தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கூறியது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் மனிதர்களைக் கொண்டு கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்வதற்குத் தடை விதித்தது. வரவேற்க வேண்டிய உத்தரவு. ஆனால் செப்டிக் டேங்க் என்பது பெருநகரங்களின் பிரச்சனை மட்டுமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறக் குடும்பங்களில் 32.7 சதவீதத்தினருக்கே பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தது, 38.2 சதவீதத்தினர் செப்டிக் டேங்கை நம்பியிருந்தனர். அதன்பின் தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமப்புறங்களில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசு பெருமை பேசுகிறது. 2019 அக்டோபர் 2 அன்று நாடு திறந்தவெளிக் கழிப்பிடமற்றதாக அறிவிக்கப்பட்டது. கழிப்பறையின் மேற்புறத்துக்குப் புகைப்படமும் 12,000 ரூபாய் மானியமும் கிடைத்தன. நிலத்துக்குக் கீழே இருப்பது நிரம்பினால் என்ன செய்வது என்பதற்கு எந்த ஏற்பாடும் அப்போது செய்யப்படவில்லை.

முறையாகக் கட்டப்பட்ட செப்டிக் டேங்க் எளிமையான அமைப்புதான். இரண்டு அறைகள், நீர் கசியாத சுவரும் தளமும், கசடு அடியில் தங்க, தெளிந்த நீர் உறிஞ்சு குழிக்குச் செல்ல வேண்டும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்ற வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதித்தொகுப்பு 1985 முதல் நடைமுறையில் இருக்கிறது. நடப்பதோ வேறு. பல வீடுகளில் ஒரே அறை. அடியில் தளம் கிடையாது. வெளியேறும் குழாய் தெருச் சாக்கடையில் திறந்து கிடக்கிறது. அடிக்கடி எடுக்கும் செலவுக்குப் பயந்து, முடிந்தவரை பெரிய குழியாகத் தோண்டி, அதன்மேல் தரையையோ மாடிப்படியையோ கட்டி, மூடியே இல்லாமல் பூசிவிடுகிறார்கள். (கட்டட அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் இரண்டு அறைத் தொட்டி அழகாகவே இருக்கும். சிமெண்ட் பூசுவதற்கு முன் நேரில் வந்து பார்க்கும் பொறியாளரைத்தான் காண முடியாது.)

மரணம் இங்கேதான் தயாராகிறது. பத்து, பதினைந்து ஆண்டுகள் திறக்கப்படாத குழியில் கசடு இறுகிவிடும். லாரியின் குழாயால் அதை உறிஞ்ச முடியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் அடைந்து கிடக்கும். ஒருநாள் கழிப்பறை பொங்கி வழியும்போது வீட்டுக்காரர் அவசரத்தில் ஆள் தேடுகிறார். கடப்பாரையும் வாளியும் எடுத்துக்கொண்டு ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குகிறார். ஒரே குழியில் மூன்று பேர், நான்கு பேர் என்று செய்தி வருவதன் காரணம் இதுதான். ஒழுங்காகக் கட்டி, காலக்கெடுவில் எடுத்திருந்தால் யாரும் உள்ளே இறங்க வேண்டிய தேவையே எழுந்திருக்காது. ஆகவே இந்த மரணங்களை ‘பாதுகாப்புக் கருவி அணியாததால் நேர்ந்த விபத்து’ என்று எழுதுவது பொய்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, அபாயகரமான முறையில் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய எவரையும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. முதல் குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது உள்ளாட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டுமல்ல, தனி வீட்டுக்காரருக்கும் பொருந்தும். ஆனால் ‘அபாயகரமான’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், பாதுகாப்புக் கருவிகள் தந்து இறக்கினால் அது அபாயகரமானதல்ல என்ற ஓட்டை இருக்கிறது. ஆள் இறந்தபின் ஒரு முகக்கவசத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ள இதுவே போதும்.

துப்புரவும் பொதுச் சுகாதாரமும் நகராட்சிகளின் பொறுப்பு என்று அரசமைப்பின் 12ஆவது அட்டவணையும், ஊராட்சிகளின் பொறுப்பு என்று 11ஆவது அட்டவணையும் கூறுகின்றன. மலக்கசடு மேலாண்மைக்கான தேசியக் கொள்கை 2017இல் வெளியானது. அதற்கு ஓராண்டு முன்பே வாரங்கல் மாநகராட்சி, வீட்டுத் தொட்டிகளுக்கும் கழிவு லாரிகளுக்கும் சேர்த்து விதிமுறைகளை வகுத்தது. இப்போது பல மாநிலங்களில் இத்தகைய விதிகள் வந்துகொண்டிருக்கின்றன. விதி வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எத்தகைய விதி என்பதில்தான் வர்க்கப் பிரச்சனை இருக்கிறது. தொட்டியைத் திருத்திக் கட்டாவிட்டால் அபராதம், எடுக்காவிட்டால் அபராதம் என்பதோடு நின்றுவிடும் விதி யார் தலையில் விடியும்? இரண்டு சென்ட் நிலத்தில் வீடு கட்டியவர் தலையிலும், வாடகையோடு சேர்த்துச் சுமத்தப்படும் குடித்தனக்காரர் தலையிலும்தான். பட்டா இல்லாத குடியிருப்பில் லாரி நுழையத் தெருவே இல்லை. அங்கே நோட்டீஸ் ஒட்டுவது விதியை அமல்படுத்துவதாகாது.

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில், கிருஷ்ணா நதிக்கரையில் உள்ள வாய் என்னும் சிறு நகராட்சி 2018 முதல் வேறு வழியில் போகிறது. நகரம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வீட்டுத் தொட்டியும் மூன்றாண்டுக்கு ஒருமுறை முறை வைத்து எடுக்கப்படுகிறது. வீட்டுக்காரர் அழைக்கும்வரை காத்திருப்பதில்லை. எடுக்கும் நாளில் தனிக் கட்டணமும் இல்லை. வீட்டுவரியோடு வசூலிக்கும் துப்புரவு வரியிலிருந்து செலவிடப்படுகிறது. இந்த ஏற்பாட்டின் முக்கியத்துவம் கணக்கில் தெரியும். பொங்கி வழிந்த நாளில் ஒரே தொகையாகக் கொடுக்க முடியாமல்தான் ஏழைக் குடும்பம் குறைந்த கூலிக்கு ஆள் தேடுகிறது. அந்தச் செலவு வரியாகப் பரவும்போது அவசரமும் இல்லை, இறங்க வேண்டிய ஆளும் இல்லை. வாயிலும் வேலை ஒப்பந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அது சிறு நகரம், சுத்திகரிப்பு நிலையத்துக்கு அறக்கட்டளை நிதியும் கிடைத்தது என்பவற்றையும் மறக்க முடியாது. ஆனாலும் முறை வைத்து எடுப்பது பொதுச் சேவையாக நடத்தக்கூடியது என்பதை அந்நகரம் காட்டிவிட்டது. 15ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டது. அந்தப் பணத்தில் மூடிய லாரி வாங்கிய ஊராட்சிகள் எத்தனை என்பதை ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்க வேண்டும்.

எடுத்த கசடு எங்கே போகிறது என்பது அடுத்த சங்கடம். கழிவு லாரி வைத்திருப்பவர்களில் கணிசமானோர் ஒன்றிரண்டு வண்டிகளோடு பிழைப்பவர்கள். கொட்டுவதற்கு இடம் இல்லாத ஊரில் அவர்கள் இரவில் ஏரியிலும் வாய்க்காலிலும் கொட்டுகிறார்கள். உரிமம் ரத்து, வண்டி பறிமுதல் என்று மிரட்டுவதால் கொட்டுமிடம் மாறுமே தவிர கொட்டுவது நிற்காது. கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் 2015இல் ஒரு சிறு நகருக்கான மலக்கசடுச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. ஒடிசாவில் பல நகரங்களில் இவை கட்டப்பட்டு, பெண்கள் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. பெண்களுக்கு வேலை கிடைப்பது நல்லதே. எனினும் குழு என்ற பெயரால் நிரந்தரப் பணியும் குறைந்தபட்ச ஊதியமும் தட்டிக்கழிக்கப்படுமானால், நகராட்சி முதலாளியின் வேலையைச் செய்துவிட்டு முதலாளி இல்லை என்று சொல்வதாகும்.

சுத்திகரிப்பு நிலையம் என்றதும் எழும் எதிர்ப்பையும் இடதுசாரி இயக்கம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கேரளத்தில் வீட்டுக்கொரு கிணறும், அதற்குச் சில அடி தூரத்தில் மலக்குழியும் உள்ள ஊர்கள் ஏராளம். சுத்திகரிப்பு அங்கே ஆடம்பரம் அல்ல. ஆயினும் கோழிக்கோடு ஆவிக்கல் தோட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எதிராக 2022இல் மக்கள் திரண்டனர். அறியாமை என்றோ, பின்னணியில் யாரோ தூண்டுகிறார்கள் என்றோ சொல்லி இத்தகைய எதிர்ப்பைக் கடந்துவிட முடியாது. நாடு முழுவதும் குப்பைக்கிடங்கும் கழிவுநீரும் தலித் குடியிருப்புகளுக்கும் மீனவர் குப்பங்களுக்கும் அருகிலேயே கொண்டுவந்து தள்ளப்பட்ட அனுபவத்திலிருந்து அந்தச் சந்தேகம் பிறக்கிறது. நிலையம் எங்கே, அதன் நீர் எங்கே போகிறது, நாற்றம் வந்தால் யார் பதில் சொல்வது என்பவை கட்டுமானம் தொடங்குவதற்கு முன் வார்டு சபையில் முடிவாக வேண்டியவை.

ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் முதற்கட்டமாகக் கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 தொழிலாளர்களில் 92 சதவீதத்தினர் பட்டியலினம், பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட பிரிவினர். பட்டியலினத்தவர் மட்டுமே ஏறத்தாழ 69 சதவீதம். எந்த இயந்திரம் வாங்கினாலும், அதை ஓட்டும் வேலை அதே சாதிக்கு ஒப்பந்தக் கூலியாகவே ஒதுக்கப்படுமானால் மாறுவது கருவி மட்டும்தான். லாரி ஓட்டுநரும் உதவியாளரும் உள்ளாட்சியின் ஊதியப் பட்டியலில் இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் காப்பீடும் ஒப்பந்தக்காரரின் தயவில் விடப்படக் கூடாது.

மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி மன்றங்களில் உள்ள கட்சி உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே எழுப்பக்கூடியவை சில உண்டு. எல்லைக்குள் எத்தனை தொட்டிகள், கடைசியாக எடுத்தது எப்போது என்ற பதிவேடு இருக்கிறதா? கடந்த ஆண்டில் புதிய வீடுகளின் தொட்டிகளைப் பூசுவதற்கு முன் எத்தனை முறை ஆய்வு நடந்தது? 14420 என்ற உதவி எண் ஊரில் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? அரசுப் பள்ளி, மருத்துவமனை, காவலர் குடியிருப்பு ஆகியவற்றின் தொட்டிகளை எடுப்பவர் யார், அவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? முதல் பதிவேட்டை அரசுக் கட்டடங்களிலிருந்து தொடங்கச் சொல்வதே சரி. அங்கே அபராதம் போடுவதற்கு ஏழை வீட்டுக்காரர் எவரும் இல்லை.