கெட்டிக்காரப் பிள்ளையும் கவர்ன்மென்ட் பள்ளிக்கூடமும்

மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளை நன்றாகப் படித்தால் அக்கம்பக்கத்தில் முதலில் கிளம்பும் கேள்வி இதுதான்: "இவ்ளோ நல்லா படிக்கிற புள்ளைய ஏன் கவர்ன்மென்ட் ஸ்கூல்ல வச்சிருக்கீங்க?"

கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. அரசுப் பள்ளி என்பது சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கான இடமாம், கெட்டிக்காரப் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லையாம்! இந்தத் தீர்ப்பை நம்பி அப்பா ஓ.டி. பார்க்கிறார், அம்மா சீட்டு எடுக்கிறார், பிள்ளை மெட்ரிக் பள்ளிக்குப் போகிறது. கம்பெனிச் சம்பளத்தை நம்பிக் கட்டுகிற ஃபீஸ் எத்தனை வருஷத்துக்கு நிச்சயம்? 2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி மூடுவதாக அறிவித்ததையும் 2022ல் இங்கே கார் உற்பத்தி நின்றுபோனதையும் பார்த்த ஊர் இது. அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் தனியாகப் பதில் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பெற்றோரிடம் பெரும்பாலும் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. தன் பிள்ளையின் வேகத்துக்கு ஏற்ற பாடத்தை அரசுத் தொடக்கப் பள்ளியிலேயே கேட்க அவர்களுக்குச் சட்டப்படி இடம் இருக்கிறது. கேட்கத் தெரியவில்லை, கேட்கலாம் என்றும் தெரியவில்லை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டு சொற்கள்

ஆசிரியர்கள் மத்தியில் இரண்டு சொற்கள் அடிக்கடி புழங்கும். ஒன்று "மெல்லக் கற்போர்", இன்னொன்று "மீத்திறன் மாணவர்". முதல் சொல்லுக்குப் பின்னால் தனிப் பயிற்சி, எளிய வினாத்தாள், கூடுதல் வகுப்பு என்று ஒரு படையே நிற்கிறது. அது நியாயம்தான், நிற்கத்தான் வேண்டும். இரண்டாவது சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடினால் கிடைப்பதெல்லாம் பரீட்சைகள். அதுவும் தொடக்கப் பள்ளியில் ஒன்றுகூட இல்லை.

பட்டியல் போட்டுப் பார்க்கலாம்.

8ஆம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு வருகிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 1 லட்சம் பேர், அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள்தான் எழுதலாம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

9ஆம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, அதாவது டிரஸ்ட் தேர்வு. மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். உதவித் தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய், 12ஆம் வகுப்பு வரை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நகராட்சி, மாநகராட்சிப் பகுதிப் பள்ளிகளில் படிப்பவர்கள் எழுத முடியாது. மறைமலை நகர் ஒரு நகராட்சி. ஆகவே நகராட்சி எல்லைக்குள் இருக்கும் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு வாய்ப்பு இல்லை, எல்லையைத் தாண்டி ஊராட்சிப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு உண்டு. இரண்டு பேரின் அப்பாவும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களாக இருக்கலாம்!

11ஆம் வகுப்பில் 2022 முதல் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. முதலமைச்சர் பெயரிலான திறனாய்வுத் தேர்வு 2023ல் வந்தது. உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன, அவையும் உயர்நிலை வகுப்புகளுக்குத்தான். 1963ல் தொடங்கிய என்.டி.எஸ்.இ. என்கிற தேசியத் திறனறித் தேர்வு 2021க்குப் பிறகு நடக்கவே இல்லை. 6ஆம் வகுப்பில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் நவோதயா பள்ளிகள் 1986ல் ஆரம்பித்தவை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உண்டு, தமிழ்நாட்டில் ஒன்று கூட நடக்கவில்லை.

ஆக, 6 வயதில் பள்ளிக்கு வரும் கெட்டிக்காரப் பிள்ளையை அரசு முதன்முதலாகத் தேடுவது அதற்கு 13 வயது ஆகும்போது. தேடியதும் கொடுப்பது பணம். பணம் வேண்டியதுதான். ஆனால் அந்த 7 வருஷத்தில் வகுப்பில் அது என்ன செய்துகொண்டிருந்தது?

சும்மா உட்கார்ந்திருந்தது. கணக்கை 5 நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனைச் சீண்டியது. "வால்" என்று பெயர் வாங்கியது. கடைசியில் சும்மா இருக்கவும் பழகிவிட்டது. ஃபீஸைவிடப் பெரிய நஷ்டம் இதுதான்.

முன்பு இருந்த ஓர் ஏணி

ஆச்சரியம் என்னவென்றால், இதற்கு ஒரு வழி தமிழ்நாட்டிலேயே இருந்தது. 2000களின் தொடக்கத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் முறைதான் அது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி முறையைப் பார்த்து உருவானது. பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து ஏணி போல அடுக்கியிருந்தார்கள். பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்து, முடித்து, அடுத்த படிக்குப் போகும். மெதுவாகப் போகிறவன் மெதுவாகப் போகலாம், வேகமாகப் போகிறவள் காத்திருக்க வேண்டாம். அந்த முறைக்குக் குறைகள் உண்டு, நிறைய பேர் திட்டியும் இருக்கிறார்கள். ஆனால் "நீ முடித்துவிட்டாயா, சரி அடுத்தது" என்று சொல்லும் ஏற்பாடு அதில் இருந்தது.

கொரோனாவுக்குப் பிறகு 2022ல் வந்தது எண்ணும் எழுத்தும் திட்டம். பிள்ளைகளின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழு பிரித்தார்கள். அழகான பெயர்கள், நல்ல யோசனை. ஆனால் அதன் குறிக்கோள் அடிப்படைத் திறன்தான், அதாவது 8 வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் புரிந்து படிக்கவேண்டும், கணக்குப் போடவேண்டும் என்பது. பின்தங்கியவரைக் கைதூக்கிவிடும் திட்டத்தில் முன்னால் ஓடுகிற பிள்ளைக்குப் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது. மலர்ந்த பிறகு என்ன என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 2020 கல்விக் கொள்கையில் மீத்திறன் பிள்ளைகளுக்கென்று சில பத்திகள் உண்டு. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, 2025ல் தனக்கென ஒரு மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்.

அதன் 24வது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் அதற்கேற்பக் கூடுதலாகக் கற்பிக்கவேண்டும். பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்லவேண்டும். 29வது பிரிவு, பாடத்திட்டம் குழந்தையின் அறிவையும் ஆற்றலையும் திறமையையும் வளர்க்கவேண்டும் என்கிறது. கூடுதல் கற்பித்தல் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பின்தங்கிய பிள்ளைதான். சட்டமோ "ஒவ்வொரு குழந்தை" என்றுதான் சொல்கிறது.

21வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கட்டடம், கழிவறை, தண்ணீர் பற்றிப் பேசுகிற அதே கூட்டத்தில் படிப்பைப் பற்றியும் பேசலாம்.

எப்படிக் கேட்பது?

பெரும்பாலான பெற்றோர் கேட்பது, "எம்புள்ள ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குவானா டீச்சர்?" இந்தக் கேள்விக்கு டீச்சர் சிரிக்கத்தான் முடியும். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: "டீச்சர், பாப்பா கணக்கை சீக்கிரம் முடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கேன்னு சொல்றா. வீட்ல அண்ணன் புக்ல இருக்கிற கணக்கெல்லாம் போடுறா, நோட்டு கொண்டாந்திருக்கேன் பாருங்க. கணக்கு நேரத்துல மட்டும் அஞ்சாவது பசங்களோட உக்கார வைக்கலாமா?"

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பெருமை பேசாமல் நோட்டைக் காட்டுவது ஒன்று. எல்லாப் பாடத்துக்கும் கேட்காமல் ஒரு பாடத்துக்கு மட்டும் கேட்பது இரண்டு. டீச்சர் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்பது மூன்று.

டீச்சர் பக்கத்து நியாயமும் உண்டு. "ரெண்டே பேர் இருக்கோம்மா, அஞ்சு வகுப்பு பாக்கணும், இதுல உங்க பொண்ணுக்குத் தனியா எப்படிம்மா?" என்று அவர் கேட்டால் அது பொய்யில்லை. அதே சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இருக்கிற தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்தான். ஆனால் இந்தக் குறையிலேயே ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. 3ஆம் வகுப்பும் 5ஆம் வகுப்பும் ஒரே அறையில் இருக்கும்போது 3ஆம் வகுப்புப் பிள்ளை 5ஆம் வகுப்புக் கணக்கைக் கேட்க நாலு அடி நகர்ந்து உட்கார்ந்தால் போதும்! செலவு இல்லை, உத்தரவு வேண்டாம், புதுத் திட்டம் வேண்டாம். ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் பள்ளியில், செக்ஷன் செக்ஷனாகச் சுவர் வைத்த கட்டடத்தில், இது அவ்வளவு லேசில் நடக்காது.

அந்தக் காலத்து டபுள் புரமோஷனைக் கேட்பது இதற்கு ஈடாகாது. கணக்கில் 2 வருஷம் முன்னால் இருக்கும் பிள்ளை எழுத்திலும் விளையாட்டிலும் தன் வயதிலேயே இருக்கலாம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கில் புலியான ராமானுஜன் மற்ற பாடங்களில் தேறாமல் உதவித் தொகையை இழந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திறமை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வளர்வதில்லை.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை வேலைக்கு வந்திருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஒடியாவோ இந்தியோ பேசும் பிள்ளை தமிழில் தடுமாறும். அதனாலேயே அதைக் கடைசி வரிசையில் வைத்துவிடுகிறார்கள். கணக்கில் அதன் கை எவ்வளவு வேகம் என்று யாரும் பார்ப்பதில்லை. மொழி தெரியாததை அறிவு குறைவு என்று எடுத்துக்கொண்டால் ஒரு மீத்திறன் பிள்ளை கண்ணெதிரிலேயே தொலைந்துபோகும்.

பள்ளிக்கு வெளியேயும் கொஞ்சம் வழி இருக்கிறது. 4, 5ஆம் வகுப்புக்கென்று பள்ளிக் கல்வித் துறை "ஊஞ்சல்" இதழை 2022ல் தொடங்கியது. அது பிள்ளைகள் கைக்கு வருகிறதா, பீரோவில் இருக்கிறதா என்று பெற்றோர் கேட்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் "துளிர்" 1987 முதல் வருகிறது. 10 வயது ஆனால் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்யலாம். மறைமலை நகரில் மின்சார ரயில் ஏறினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவைப் பார்த்துவிட்டு வரலாம். அபாகஸ் வகுப்புக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் டிக்கெட் காசு ஒன்றுமே இல்லை.

அப்படியானால் 5ஆம் வகுப்பிலேயே ஒரு தேர்வு வைக்கலாமே?

வைக்கக் கூடாது. இலங்கையில் 5ஆம் தர புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு நல்ல பள்ளியின் கதவைத் திறக்க வந்த பரீட்சை அது. இன்று 10 வயதுப் பிள்ளை டியூஷன் டியூஷனாக அலையும் பரீட்சையாக மாறி, அங்கேயே விவாதப் பொருளாகிவிட்டது. சிங்கப்பூர் 1984ல் தொடங்கி, 3ஆம் வகுப்பில் தேர்வு வைத்து மிகச் சில பிள்ளைகளைப் பிரித்துக் குறிப்பிட்ட சில பள்ளிகளில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது. 40 வருஷம் கழித்து 2024ல் அந்த முறையையே மாற்றப்போவதாக அறிவித்தது. இனி ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன் பிள்ளைகளில் வேகமாகப் போகிறவர்களைத் தானே கவனிக்கவேண்டும் என்பதுதான் புது வழி. அவ்வளவு பணம் உள்ள நாடு சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடம், இங்கே ஏணியும் அட்டையுமாக ஒருமுறை கைக்கு எட்டிய இடத்துக்குப் பக்கம்தான்.

அரசு செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மலருக்கு மேலே இன்னொரு படி வைத்து, அதற்கான கணக்கும் கதையும் செய்முறையும் அடங்கிய ஒரு தொகுப்பை ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் கொடுக்கலாம். டிரஸ்ட் தேர்வின் நகராட்சித் தடையை நீக்கலாம், அந்த 1,000 ரூபாயையும் உயர்த்தலாம்.

பெற்றோர் செய்யவேண்டிய ஒன்று உண்டு. 5ஆம் வகுப்பு முடிந்ததும் "நல்லா படிக்கிறான், மெட்ரிக்ல போட்டுடலாம்" என்று முடிவெடுக்கும் முன் கணக்குப் பார்க்கவேண்டும். 2020ல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் பிற்பாடு பொறியியல் போன்ற படிப்புகளுக்கு வந்த அதே ஒதுக்கீடும் அடிப்படையில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானவை. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். என்.எம்.எம்.எஸ். தேர்வும் தனியார் பள்ளிக்குப் போனால் கிடையாது. மாற்றவே கூடாது என்பதில்லை. எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து போகவேண்டும்.

அடுத்த முறை "ஏன் கவர்ன்மென்ட் ஸ்கூல்ல வச்சிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொண்டு பள்ளிக்கே போகலாம். "எம்பொண்ணுக்கு இங்க அடுத்தது என்ன சொல்லிக் குடுப்பீங்க டீச்சர்?" ஒரு அம்மா கேட்டால் அது தொந்தரவு. மேலாண்மைக் குழுவில் பத்து அம்மாக்கள் கேட்டால் அது தீர்மானம்!