புயலின் பாதையும் பெருமழையின் இடமும்

வங்காள விரிகுடாவில் புயல் தோன்றியதென்ற செய்தி வந்தால், அது எங்கே கரையைக் கடக்கும் என்பதே பெங்களூரில் எழும் முதற் கேள்வியாகும். கடந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்ததும் பலருக்குக் கவலை அகன்றுவிடுகிறது. இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை 2024ஆம் ஆண்டின் ‘ஃபெஞ்சல்’ புயல் தெளிவாக உணர்த்திற்று.

அப்புயல் நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. பின்னர் மேற்கே விரையாமல் பல மணி நேரம் ஏறக்குறைய அசைவற்று நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மிகுதியாக மழை பெய்தது. அது வலுக்குன்றி உள்நாட்டை அடைந்தபோது, புதுச்சேரிக்கு மேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊத்தங்கரையில், டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஊத்தங்கரை, பெங்களூருக்கு அண்மையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது.

புயலை நடத்திச் செல்வது அதனைச் சூழ்ந்துள்ள பரந்த மேல்காற்றோட்டமாகும். அவ்வோட்டம் தளர்ந்தாலோ, எதிரெதிர்த் திசைகளிலிருந்து சமமாக இழுத்தாலோ புயல் தயங்கி நின்றுவிடும். ஆயினும் செயற்கைக் கோள்களும் கணிப்பொறிகளும் துணைநிற்பதால், ஒரு நாள் முன்னதாகக் கூறப்படும் பாதையின் சராசரிப் பிழை இன்று 100 கிலோமீட்டருக்கும் குறைந்துள்ளது.

மழையின் நிலை வேறு. பெருமழையைப் பொழியும் மேகத்திரள்கள் சில கிலோமீட்டர் அகலமே உடையவை. சில மணி நேரத்தில் தோன்றி மறைபவை. 2025இல் இந்தியா நடைமுறைப்படுத்திய புதிய கணிப்பு முறைகூட நிலப்பரப்பை 6 கிலோமீட்டர் கட்டங்களாகவே காண்கிறது. எனவே ஒரு வட்டாரத்திற்குப் பெருமழை வருமெனக் கூறலாம். எந்த ஊருக்கு என்று கூறுதல் அரிது.

எச்சரிக்கையை விரிந்த பரப்பிற்கு விடுத்தால், மழை பெய்யாத ஊரினர் அடுத்த முறை அதனை அலட்சியம் செய்வர் என்பது நியாயமான ஆட்சேபணையே. அதற்கு மருந்து எச்சரிக்கையைச் சுருக்குவதன்று. அதன் பொருளை மக்களுக்கு விளக்குவதாகும். புயலின் பாதையும் பெருமழைக்கு உரிய பகுதியும் தனித்தனியே அறிவிக்கப்பட வேண்டும். கரை கடந்தபின் எஞ்சும் தாழ்வு மண்டலத்தைப் பற்றிய அறிவிப்பும் அதே முக்கியத்துவம் பெற வேண்டும்.

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை இதற்கு மற்றொரு சான்றாகும். உள்நாட்டில் பெய்த அம்மழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேலான நீர் வெளியேற்றப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. கடலிலிருந்து வந்த மழை ஆற்றின் வழியே மீண்டும் கடற்கரையைத் தாக்கிற்று.

ஆகவே களப் பணியாளர் புயல் கரை கடந்த மறுநாளும் மழைமானியையும் ஏரிக் கரையையும் கவனித்தல் கடமையாகும். வரைபடத்திலுள்ள புயற்கோடு மழையின் எல்லைக்கோடு அன்று என்பதை ஆசிரியர் மாணவர்க்குக் கற்பிப்பாராயின், அப்பாடம் ஓர் ஊரையே காக்கக்கூடும்.