எக்செல் போதுமா?

தி.நகரின் சிறிய மென்பொருள் அலுவலகம் முதல் பெரிய ஐ.டி. வளாகங்கள் வரை ஒரே பேச்சுதான்: "ரெக்வயர்மென்ட்டை எக்செல்லில் எழுதினால் போதும். மாடலிங் டூல் என்பது படம் வரையும் வேலை." இதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், படம் என்ற குற்றச்சாட்டு. சிஸ்எம்எல் என்ற மாடலிங் மொழியில் ஒரு தேவை என்பது எண்ணும் வாசகமும் கொண்ட தனி உறுப்பு. அதை எந்தப் பாகம் நிறைவேற்றுகிறது, எந்தச் சோதனை சரிபார்க்கிறது, எந்த மேல்தேவையிலிருந்து அது பிறந்தது என்ற உறவுகளும் சேர்ந்தே பதிவாகின்றன. திரையில் இருக்கும் படத்தை அழித்தாலும் அந்த உறவுகள் அழிவதில்லை.

இந்த உறவுகளைக் காட்டும் டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸை எக்செல்லிலேயே போடலாமே என்பார்கள். சின்ன வேலைக்குத் தாங்கும். ஆனால் மயிலாப்பூருக்கும் பனகல் பூங்காவுக்கும் அடியில் உருவாகும் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள். ஓட்டுநர் இல்லாத ரயில், நடைமேடையில் தடுப்புக் கதவு. 'ரயில் சரியான இடத்தில் முழுதாக நின்ற பிறகே இரு கதவுகளும் திறக்க வேண்டும்' என்று எழுதினால், அந்த ஒற்றை வாக்கியம் சிக்னல், பிரேக், ரயில் கதவு, நடைமேடைக் கதவு என நான்கு குழுக்களைத் தொடும். நிற்கும் இடத்தில் எவ்வளவு விலகலாம் என்ற அளவை ஒரு குழு மாற்றினால் மற்ற மூன்றுக்கும் யார் சொல்வது? ரயில்வே மென்பொருளுக்கான தரநிலைகள், தேவையிலிருந்து சோதனை வரை தடம் கேட்பது இதனால்தான்.

"தேவை தினமும் மாறுகிறதே, மாடல் எதற்கு?" மாறுவதால்தான் வேண்டும். 1996 ஜூன் 4 அன்று முதன்முதலாகப் பறந்த ஏரியான் 5, ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறியது. ஏரியான் 4-இன் வழிகாட்டி மென்பொருளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பறப்புப் பாதை அந்த மென்பொருளின் தேவைகளில் சேர்க்கப்படவில்லை. எண் ஒன்று 16 பிட்டில் அடங்காமல் வழிந்தது. அந்தக் கணக்கு ஓடிய பகுதிக்கோ, ஏரியான் 5 மேலெழுந்த பிறகு வேலையே இல்லை. எந்தத் தேவைக்காக இது இருக்கிறது என்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது. அந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்க வைப்பதுதான் மாடலின் பயன்.

கிளையன்ட்டுக்குப் புரியாது என்ற வாதம் வலுவற்றது. மாடலிலிருந்தே அட்டவணையாக எடுத்துக் கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வேர்ட் கோப்பை டூலில் ஒட்டிவிட்டு உறவுகளைப் போடாமல் விட்டால், லைசென்ஸ் காசு வீண். வாரம் ஒருமுறை, சோதனையோடு இணைக்கப்படாத தேவைகளைப் பட்டியலிடச் சொல்லி, அதை வைத்தே கூட்டத்தைத் தொடங்குங்கள்.