காரைக் கோத்த விதத்துக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும்

ஒரு பழைய காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்ற ஸ்பேனரும் கை பலமும் இருந்தால் போதும். கழற்றியதைத் திரும்பக் கோக்க அறிவு வேண்டும், பொறுமை வேண்டும், எதற்குப் பின் எது ஏற வேண்டும் என்ற கணக்கு வேண்டும். வீட்டுக் கொட்டகைகளில் ஆர்வத்தோடு தொடங்கும் புதுப்பிப்பு வேலைகள் பல இந்தக் கட்டத்தில்தான் நின்றுபோகின்றன. கார் காயலான் கடைக்குப் போகுமா, சாலைக்குத் திரும்புமா என்பது இங்கே முடிவாகிறது. திரும்பினால் நம்பி ஏறலாமா என்பதும் இங்கேதான் முடிவாகிறது. ஆனால் நமது சட்டம் பழைய காரிடம் முதலில் கேட்பது அதன் வயதைத்தான். யார் கோத்தார், எப்படிக் கோத்தார் என்பதைக் கேட்க அதனிடம் படிவமே இல்லை. 30 ஆண்டுகளைக் கடந்து, முறையாக மீட்டுக் கோக்கப்பட்ட கார்களுக்கு ஒரு தனிப் பிரிவை உருவாக்கி, கோத்த வேலையை ஆய்வு செய்து சான்றளிக்கும் ஏற்பாடு வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இப்போதுள்ள நிலையைப் பார்ப்போம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத கார்களும் இருசக்கர வாகனங்களும் ‘விஏ’ என்ற எழுத்துகள் கொண்ட தனி எண்ணைப் பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற தேவைகளுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம். நல்ல விதிதான், ஆனால் அதன் கதவு 50 வயதில்தான் திறக்கிறது. அந்த வயதை எட்டாத கார்களின் பதிவு 15 ஆண்டில் முடிந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025-ல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. மறுபுறம், காரை அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால், அடுத்து வாங்கும் புதுக் காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை உண்டு. புகை கக்கிக்கொண்டு ஓடும் ஓட்டை உடைசல்களை ஒழிக்க இது சரியான வழி. ஆனால் கேட்பாரற்று வெயிலில் துருப்பிடிக்கும் காரும், ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்துப் பார்த்து முடுக்கிய காரும் இதில் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் முதல் தலைமுறை, 1984-ல் வந்த கான்டெஸா, பிரிமியர் பத்மினியின் பிற்கால வண்டிகள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் சிக்கியிருக்கின்றன. 50 வயதில் பாராட்டப்போகும் கார்களை 30 வயதில் உடைப்பதற்கு நாமே ஊக்கத்தொகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கோப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். 1959-ல் பிரிட்டனில் வெளியான டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது; 948 சிசி இன்ஜின். அதன் உடல் தனி, அடியில் உள்ள சேசிஸ் சட்டம் தனி. உடலின் முன்பகுதியும் பின்பகுதியும் தனித்தனிக் கூடுகளாக வந்து போல்ட்டுகளால் சட்டத்தின் மேல் அமர்கின்றன. பானெட் மட்கார்டுகளோடு ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். வீட்டில் பிரித்து வேலை பார்க்க இதைவிட வசதியான அமைப்பு அரிது. சோதனையும் அதே அமைப்பில்தான் ஒளிந்திருக்கிறது. கூட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் வைக்கும் மெல்லிய தகடுகளின் கனம் கொஞ்சம் மாறினாலும் கதவின் இடைவெளி மேலே குறுகும், கீழே அகலும். சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருவில் அரிக்கப்படுவது வழக்கம். உடலைத் தூக்கிவிட்டு, தாங்கல் எதுவும் கொடுக்காமல் அவற்றை வெட்டி வெல்டிங் செய்தால், பிறகு எந்தக் கதவும் சரியாகச் சாத்தாது. அதனால்தான் தேர்ந்தவர்கள் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே காரை ஒருமுறை முழுதாகக் கோத்துப் பார்க்கிறார்கள். கதவு, பானெட், டிக்கி எல்லாம் பொருந்திய பிறகே மீண்டும் கழற்றி வண்ணத்துக்கு அனுப்புகிறார்கள். இன்னொன்றும் உண்டு: பிரிட்டிஷ் ஹெரால்டு இரண்டு கதவு கொண்டது, நான்கு கதவு வடிவம் இந்தியாவுக்கே உரியது. கேஸ்கட்டும் பிரேக் உதிரிகளும் இங்கிலாந்திலிருந்து தருவித்துவிடலாம். பின்கதவை அங்கே யாரும் செய்து வைத்திருக்கவில்லை. அதை இங்குள்ள டிங்கர்தான் தகட்டில் தட்டி எடுக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் வேலை இது. உயிரோடு தொடர்புடைய வேலைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கின்றன. அம்பாசடரும் ஹெரால்டும் அங்குல அளவு மரை கொண்டவை. ஃபியட் வழிவந்த பத்மினி மில்லிமீட்டர் அளவு கொண்டது. 5/16 அங்குல போல்ட்டின் குறுக்களவு 7.94 மி.மீ.; பார்வைக்கு 8 மி.மீ. போல்ட் அதேபோலத்தான் இருக்கும். ஆனால் முன்னதில் நுண்மரை என்றால் அங்குலத்துக்கு 24, பின்னதில் ஏறக்குறைய 20. டப்பாவில் கலந்துபோன போல்ட்டை எடுத்துத் திணித்தால் இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். இறுகிவிட்டதுபோல் தோன்றினாலும் பிடிப்பு இருக்காது. ஒயரிங்கும் அப்படியே. பிரிட்டிஷ் மரபில் வந்த கார்களில் பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி போட்டபின் மின்சாரம் பெறுவது, பச்சை அதற்குப் பின் ஃபியூஸ் வழியாகச் செல்வது, கறுப்பு எர்த். கைக்குக் கிடைத்த நிறத்தில் ஒயர் இழுத்தவர் அடுத்துப் பழுது பார்க்க வருபவருக்குப் பொறி வைத்துவிட்டுப் போகிறார். புதுப் பெயின்ட்டே எர்த்தைத் தடுத்து விளக்கை மங்கவைக்கும். தொடும் இடத்தைச் சுரண்டிவிட்டுப் பூட்ட வேண்டும் என்பது கோத்துப் பழகியவருக்குத்தான் தெரியும். எரிபொருளின் கதை வேறு. நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் 2000-ல் வந்தது; ஈயத்தை நம்பி வடிவமைக்கப்பட்ட வால்வு இருக்கைகள் அது இல்லாமல் வேகமாகத் தேயும் என்பதால், கடினமான உலோக வளையம் பதிக்க வேண்டியிருக்கிறது. இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். கசிவு இன்ஜின் சூட்டில் விழுந்தால் தீ. இவை அனைத்தும் மூடப்படுவதற்கு முன் படம் பிடிக்கக்கூடியவை, அளக்கக்கூடியவை, இன்னொருவர் பார்த்துச் சரிசொல்லக்கூடியவை. அதாவது, சான்றளிக்கத்தக்கவை.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற சந்தேகத்துக்கு மற்ற நாடுகளே பதில். பழம்பெரும் வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, வரலாற்று வாகனம் என்பதற்கு 30 ஆண்டுகளையே எல்லையாக வைத்திருக்கிறது. அதன் டூரின் சாசனம், மாற்றத்தைக் குறைவாகச் செய்ய வேண்டும், செய்ததைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் 30 ஆண்டுகளைக் கடந்த கார், அதன் மூலத்தன்மையையும் பராமரிப்பையும் ஒரு தொழில்நுட்ப வல்லுநர் ஆய்ந்து ஏற்றபின் ‘எச்’ எழுத்து கொண்ட எண்ணைப் பெறுகிறது. 1997 முதல் இந்த முறை இருக்கிறது. அதற்கு ஆண்டு வரி ஒரே சீராக 191.73 யூரோ; மாசுக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள்ளும் செல்ல அனுமதி உண்டு. வல்லுநர் மறுத்தால் எச் இல்லை, சலுகையும் இல்லை. பிரிட்டன், மறுகட்டமைத்த கார் தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ள நெடுங்காலம் மதிப்பெண் முறையைக் கையாண்டது: சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு, இன்ஜினுக்கு 1, குறைந்தது 8 வேண்டும். எது காரின் அடையாளம், எது மாற்றத்தக்க உதிரி என்பதை எண்ணாக்கிய முறை அது. ஆனால் 40 ஆண்டுகளைக் கடந்து பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனையிலிருந்தே அந்நாடு விலக்கு அளித்திருக்கிறது. அதை நாம் பின்பற்றக் கூடாது. பழைய காருக்குத் தேவை கூடுதல் சோதனை. விலக்கு கேட்பவர்கள் தங்கள் வாதத்தையே பலவீனமாக்குகிறார்கள்.

முதல் எதிர்ப்பு மாசு பற்றியது, அது நியாயமானது. கார்புரேட்டர் கொண்ட, வினையூக்கி மாற்றி இல்லாத கார், கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் இன்றைய காரைவிடப் பல மடங்கு அதிகமாகக் காற்றைக் கெடுக்கும். எவ்வளவு நேர்த்தியாகக் கோத்தாலும் அது மாறாது. புதுக் காரைத் தயாரிக்கும்போதும் புகை வருகிறதே என்று சிலர் பதில் சொல்வதுண்டு. அது தட்டிக்கழிக்கும் பதில். பழைய காரை மீட்பவர் பெரும்பாலும் இன்னொரு காரும் வைத்திருப்பவர்தான். சரியான பதில் தூரத்தில் இருக்கிறது. நகரக் காற்றின் மீது ஒரு கார் ஏற்றும் சுமை, கிலோமீட்டருக்கு அது விடும் நச்சையும் அது ஓடும் கிலோமீட்டரையும் பெருக்கினால் வருவது. தினமும் அலுவலகத்துக்கும் சந்தைக்கும் ஓடும் 15 வயது கார்களின் பெருங்கூட்டத்தோடு ஒப்பிட்டால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் சில கார்களின் பங்கு சிறிது. எனவே புதிய பிரிவுக்கு ஆண்டுத் தூர வரம்பு வைக்கலாம். புகைச் சான்று எடுக்கும்போதே மீட்டர் அளவையும் பதிவுசெய்யலாம். மீட்டரைத் திருப்ப முடியாதா என்றால், முடியும். வரம்பை மீறுபவர் சான்றிதழையும் எண்ணையும் இழப்பார் என்ற நிபந்தனையோடு அந்த ஓட்டையும் பெருமளவு அடைபடும்.

இரண்டாவது எதிர்ப்பு பாதுகாப்பு. அந்தக் காலக் கார்களில் காற்றுப்பை இல்லை, மோதலை உள்வாங்கும் முகப்பு இல்லை, பலவற்றில் சீட் பெல்ட்டும் இல்லை. பலவற்றில் பிரேக் எண்ணெய்க்கும் ஒரே சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போகும். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த ஆபத்தின் பெரும்பகுதி கோக்கும் வேலையின் தரத்தைப் பொறுத்தது. புதிய பிரேக் குழாயும் ரப்பர்களும் போட்டு, குழாய் முனையை முறையாக விரித்து, காற்றை முழுவதும் வெளியேற்றிய ஒற்றைச் சுற்று பிரேக்கும், 30 ஆண்டுத் துருக் குழாயில் ஓடும் ஒற்றைச் சுற்று பிரேக்கும் காகிதத்தில் ஒன்று, சாலையில் வேறு. தகுதிச் சான்றுக்கான வழக்கமான சோதனை பிரேக் பிடிக்கிறதா என்று அன்றைக்குப் பார்க்கும்; குழாய் எப்போது மாற்றப்பட்டது, வெல்டிங்கை மூடிப் பட்டி பூசியிருக்கிறார்களா என்று கேட்காது. கோத்தலுக்கான சான்றிதழ் கேட்கும். வேலை நடக்கும்போதே, மூடும் முன், ஒருமுறை பார்த்துக் கையெழுத்திடும் ஆய்வு இருந்தால் பழைய காரின் பாதுகாப்பு இன்றைக்கு இருப்பதைவிடக் கூடும்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்குக்குச் சலுகை கேட்பதாகாதா என்பது மூன்றாவது எதிர்ப்பு. உண்மை நிலை தலைகீழானது. இப்போதுள்ள 50 ஆண்டு விதியால் பெரும் பயனடைபவர்கள், தொழில்முறைப் பட்டறைகளுக்குப் பணம் கட்டி மீட்கக்கூடிய இறக்குமதிக் கார்களின் உரிமையாளர்கள். பத்மினியையோ பழைய மாருதியையோ வீட்டு வாசலில் நிறுத்தி, விடுமுறை நாட்களில் கோக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த விதி இன்னும் பல ஆண்டுகளுக்குக் கைகொடுக்காது. திருட்டு வண்டிகளை இந்த வழியாகச் சட்டபூர்வமாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் உண்மையானது. இரண்டு கார்களை வெட்டி ஒன்றாக்குவதும், சேசிஸ் எண்ணை மாற்றி ஒட்டுவதும் நடப்பவைதான். ஆனால் அவற்றுக்கு வசதியாக இருப்பது பதிவேதும் இல்லாத இன்றைய சூழல். கழற்றும் முன் எடுத்த படம், சேசிஸ் எண்ணின் அச்சு, உதிரி வாங்கிய ரசீது, லேத் பட்டறை பில், கோத்த ஒவ்வொரு கட்டத்தின் படம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கினால் மோசடி செய்பவருக்குச் செலவு ஏறும். நேர்மையாகக் கோத்தவருக்கோ அவையெல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கும்.

இதைத் தொடங்கத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான மாநிலம் இல்லை. உதிரிக்குச் சென்னைப் புதுப்பேட்டை, லேத்துக்கும் வார்ப்புக்கும் கோவை, பழைய கார்களைப் பாதுகாத்துக் காட்ட அங்கேயே ஜி.டி. கார் அருங்காட்சியகம், மோட்டார் மெக்கானிக் பிரிவு நடத்தும் ஐடிஐ-கள் என்று தேவையான உறுப்புகள் அனைத்தும் இங்கே உள்ளன. கார்புரேட்டரையும் பிளாட்டினம் பாயின்ட்டையும் கையால் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகள் வேலையிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை ஆய்வுக் குழுவில் சேர்த்து, ஐடிஐ மாணவர்களைப் பக்கத்தில் நிறுத்தினால் ஆய்வே பயிற்சியுமாகும். மோட்டார் வாகன விதிகளைத் திருத்தும் அதிகாரம் மத்திய அரசிடம் இருந்தாலும், 30 ஆண்டுப் பிரிவுக்கான முன்மொழிவை அனுப்புவதும், மாநிலம் விதிக்கும் பசுமை வரியில் சான்று பெற்ற கார்களுக்குத் தனி விகிதம் வைப்பதும் மாநில அரசின் கையில் உள்ளன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒரு படிவத்தைச் சேர்த்து, மூன்று கட்ட ஆய்வுக்கு உரிய கட்டணம் வாங்கட்டும்: உடல் பொருத்தம், பிரேக்கும் ஸ்டீயரிங்கும், ஒயரிங்கும் எரிபொருளும். தேறாத கார் உடைப்பு மையத்துக்குப் போகட்டும். அதில் எந்தத் தயவும் வேண்டாம். தேறிய காருக்கு, ஆண்டு ஏற ஏற அபராதம் கட்டும் நிலை மட்டும் மாற வேண்டும்.