துலாக்கோலும் சுமைதாங்கிக் கல்லும்

"நாங்கள் நடுநிலை ஏடு!" என்று மார்தட்டிக்கொள்ளும் தாளிகைகள் நாட்டிலே நிரம்ப உண்டு. எந்தக் கட்சியையும் சாராதவர்களாம். எவர் பக்கமும் சாயாதவர்களாம். நடந்ததை நடந்தபடி நவில்பவர்களாம்! கட்சி ஏட்டிலே எழுதும் என் போன்றவனைக் கண்டால் அவர்கட்கு ஓர் இளநகை. நான் சார்ந்து எழுதுபவன்தான், மறைக்கவில்லை. எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை ஏட்டின் முகப்பே சொல்லிவிடுகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், தோழர்களே! சொல்லிலே சாய்வை வைத்துவிட்டு முகத்திலே நடுநிலையைப் பூசிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

அரசியலை விட்டுவிடுவோம். வீட்டின் உள்ளறையிலே பெண்ணொருத்தி உயிரோடு போராடும் செய்தி இருக்கிறதே, பிள்ளைப்பேறு, கருக்கலைப்பு, அதை நம் ஏடுகள் எந்தச் சொல்லால் எழுதுகின்றன என்று பாருங்கள்.

குழந்தை பிறந்தால் 'சுகப்பிரசவம்'. சுகமாம்! யாருக்குச் சுகம்? பெற்றவளைக் கேட்டார்களா? பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று சொன்னவர்கள் நம் பாட்டிமார்கள். சாலையோரத்திலே சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு மாண்டவளின் நினைவாக நட்ட கல் அது. அவள் இறக்கி வைக்க முடியாமற் போன சுமையை நினைத்து, வழிப்போக்கனாவது தன் சுமையை இறக்கி இளைப்பாறட்டும் என்று ஊரார் நட்டார்கள். பேறு என்பது உயிரைப் பணயம் வைப்பது என்ற உண்மையை எழுத்தறியாத மக்கள் கல்லிலே வைத்தார்கள். எழுத்தறிந்த நாம் 'சுகம்' என்று அச்சடிக்கிறோம்!

சரி, கருவைக் கலைத்தால்? அங்கே சொல் மாறுகிறது, சுருதி மாறுகிறது. 'கருவைக் கொன்றாள்', 'சிசுவை அழித்தாள்' என்று தலைப்பு வருகிறது. செய்தி தொடங்குமுன்பே தீர்ப்பு முடிந்துவிட்டது. ஒன்றுக்குச் சுகம் என்று பட்டம், மற்றொன்றுக்குக் கொலை என்று பட்டம். இதற்குப் பெயர் நடுநிலையாம்!

பிறரை மட்டும் குற்றஞ்சாட்டி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. பத்தாண்டுகட்கு முன்பு, வேறோர் ஏட்டிலே துணையாசிரியனாக இருந்தேன். ஒரு நாள் இரவு ஊர்ச் செய்தியாளரிடமிருந்து நான்கு வரி வந்தது. இரண்டு குழந்தைகளின் தாய், மூன்றாம் மாதம், போலி மருத்துவனிடம் போய்க் கருவைக் கலைத்தாள், மாண்டாள். நான் தலைப்பிட்டேன்: 'கருவைக் கொன்றவள் தானும் பலி.' எதுகையும் எடுப்பும் நன்றாக இருக்கிறதென்று முதுகிலே தட்டிக்கொடுத்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள், அந்தப் பகுதியின் கிராமச் செவிலியர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், கையிலே அந்தத் துண்டுத் தாளோடு அலுவலகம் வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி, இதை எழுதினது நீங்களா?" என்றார். "ஆமாம்மா" என்றேன். "நாலு கல் தொலைவிலே அரசு மருத்துவமனை இருக்குது. மூணாம் மாசம், சட்டப்படியே செஞ்சிருப்பாங்க. காசும் கேட்டிருக்க மாட்டாங்க. அந்தப் பிள்ளை ஏன் அங்கே போகலே தெரியுமா? போனா போலீஸ் பிடிக்கும்னு பயந்துடுச்சு. கலைக்கிறது கொலைன்னு பேப்பர்லே படிச்சதுதான் அதுக்குத் தெரியும். பேப்பர்லே போடறது நீங்கதானே, தம்பி?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? போலி மருத்துவன்மீது வழக்குப் போட்டார்கள். என் தலைப்பின்மீது எவரும் வழக்குப் போடவில்லை!

அந்தச் செவிலியர் சொன்னது உண்மைதானா? சட்டத்தைப் புரட்டுங்கள். 1860-இல் வெள்ளையன் எழுதிய தண்டனைச் சட்டம், 312-ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்க அன்றி வேறெதற்காகக் கருவைக் கலைத்தாலும் குற்றம் என்றது; கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை என்றது. விளைவு? கலைப்பு நிற்கவில்லை; இருட்டுக்குப் போயிற்று. அதை ஆராய 1964-இல் சாந்திலால் ஷா தலைமையிலே குழு அமைந்தது. 1971-இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் உயிருக்கோ உடலுக்கோ மனத்துக்கோ கேடு வருமானால், கருத்தடை முறை தவறியிருக்குமானால், தகுதி பெற்ற மருத்துவர் கருவைக் கலைக்கலாம் என்றது அது. 2021-இல் திருத்தினார்கள்: 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும், குறிப்பிட்ட வகையினருக்கு, இரு மருத்துவர் கருத்தோடு, 24 வாரம் வரை. 'மணமானவளும் கணவனும்' என்றிருந்த இடத்திலே 'பெண்ணும் துணைவரும்' என்று எழுதினார்கள். 2022 செப்டம்பரில், மணமாகாதவளுக்கும் இதில் சம உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணின் பெயரை மருத்துவர் வெளியிடலாகாது, வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை. மருத்துவன் வாய்க்குப் பூட்டு! நம் ஏடுகளோ அவள் ஊரும் தெருவும் கணவன் பெயரும் போட்டு, படமும் கிடைக்குமா என்று தேடுகின்றன!

'பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தானே கடுஞ்சொல் போடுகிறோம்?' என்பார்கள். பிறந்த குழந்தையைக் கொல்வது கொலை. அதில் இரு கருத்தில்லை. வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வது குற்றம். அதற்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. சட்டப்படி நடக்கும் கருக்கலைப்பு மூன்றாவது. மூன்றையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால் அஞ்சப்போவது யார்? ஸ்கேன் பார்த்துச் சொல்லிக் காசு பறிப்பவனா? இல்லை. அரசு மருத்துவமனைப் படியேற நினைத்த ஏழைப் பெண்தான்!

இது இந்நாட்டு நோய் மட்டுமன்று. அமெரிக்காவிலே இந்தச் சொற்போர் பல்லாண்டாக நடக்கிறது. எதிர்ப்போர் தமக்கு 'உயிரின் ஆதரவாளர்' என்று பெயரிட்டுக்கொண்டனர். அப்படியானால் மற்றவர் சாவின் ஆதரவாளரா? 2010-இல் அங்குள்ள தேசியப் பொது வானொலி, இரு தரப்பாரும் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டங்களை விட்டுவிட்டு, 'கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்போர், எதிர்ப்போர்' என்று விளங்கச் சொல்வதென முடிவெடுத்தது. 2019-இல் இங்கிலாந்தின் கார்டியன் ஏடு, 'இதயத் துடிப்புச் சட்டம்' என்ற பெயரைத் தவிர்த்து 'ஆறு வாரத் தடை' என்று எழுதத் தீர்மானித்தது. அவ்விரு நிறுவனங்களும் எவர் கருத்தையும் தடுக்கவில்லை. தங்கள் சொல்லை மட்டும் திருத்திக்கொண்டன.

அந்த அமெரிக்காவிலே 2012-இல் ரேமண்ட், கிரைம்ஸ் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1998 முதல் 2005 வரை, உயிரோடு குழந்தை பிறந்த 1 லட்சம் பேறுகளுக்கு மாண்ட தாய்மார் 8.8 பேர், சட்டப்படி செய்த 1 லட்சம் கருக்கலைப்புக்கு மாண்டவர் 0.6 பேர். ஏறத்தாழப் பதினான்கு மடங்கு வேறுபாடு! பிள்ளை பெறாதே என்று சொல்ல வந்த கணக்கு அல்ல இது. பத்து மாதச் சுமையிலே குருதிப்போக்கும் குருதிக் கொதிப்பும் நச்சுத் தொற்றும் காத்திருக்கின்றன. தேர்ந்த கைகளில், உரிய காலத்தில் நடக்கும் கருக்கலைப்பில் அவை குறைவு. போலியின் கைக்குப் போனால்தான் கணக்கு தலைகீழாகிறது. ஆக, கொல்வது கருக்கலைப்பன்று, இருட்டு! அந்த இருட்டைப் பெருக்குவது அச்சம். அச்சத்தை அச்சடிப்பது யார்?

பேற்றிலும் இதே கதைதான். 2018 ஜூலையிலே, திருப்பூரில், காணொளி பார்த்து வீட்டிலேயே பேறு பார்க்கப் போய், குருதி பெருகி ஓர் இளந்தாய் மாண்டாள். இத்தகைய சாவுக்குப் பின்னும், 'வீட்டிலா, மருத்துவமனையிலா?' என்று கேட்டு, மருத்துவருக்கு ஒரு நாற்காலி, மருந்தே வேண்டாம் என்பவருக்கு ஒரு நாற்காலி, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று பங்கு வைத்தால் அது நடுநிலையாகிவிடுமா? பேறு முடிந்து பெருகும் குருதி ஓரிரு மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும்; உடனே போடும் ஊசி காக்கும். இதற்கு எதிர்க்கருத்து என்ன இருக்கிறது? தமிழ்நாட்டிலே 2004-06-இல் 1 லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 111 தாய்மார் மாண்டனர்; 2018-20-இல் 54. ஆரம்பச் சுகாதார நிலையத்திலே இரவும் பகலும் செவிலியரை நிறுத்தி, ஒவ்வொரு தாயின் சாவுக்கும் காரணம் கேட்டு விசாரித்துக் குறைத்த கணக்கு அது. நாற்காலி போட்டு வாதாடிக் குறைத்ததன்று!

வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அதிலே துலாக்கோலைக் காட்டினார். துலாக்கோல் சமமாக நிற்பது பொருளை வைக்கும் முன்பு. வைத்த பிறகு, கனத்த தட்டு இறங்கத்தான் வேண்டும். பருத்தி வைத்தாலும் பாறை வைத்தாலும் இறங்காமல் நிற்கும் தராசை வணிகன் வைத்திருந்தால் அதைக் கள்ளத் தராசு என்போம். ஏடு வைத்திருந்தால் மட்டும் நடுநிலை என்பதா?

கருக்கலைப்பை எதிர்ப்போர் இருக்கிறார்கள். சமயத்தின் பேரால் எதிர்ப்போர் உண்டு. மனச்சான்றின் பேரால் எதிர்ப்போரும் உண்டு. அவர்கள் கருத்தை அவர்கள் பெயரோடு கருத்துப் பக்கத்திலே வெளியிடுங்கள், வரவேற்கிறேன், வாதாடுகிறேன். ஆனால் அவர்கள் தீர்ப்பைச் செய்தியின் தலைப்பாக்காதீர்கள். கொலை என்று எழுதுமுன் சட்டம் அதைக் கொலை என்கிறதா என்று பாருங்கள். பெண்ணின் பெயரை விடுங்கள். போலியின் பெயரைப் போடுங்கள். அந்தச் செய்தியின் அடியிலே ஒரே ஒரு வரி சேருங்கள்: 'அரசு மருத்துவமனையில் இது சட்டப்படி, பாதுகாப்பாகக் கிடைக்கும்.' அந்த ஒரு வரிக்கு எவ்வளவு இடம் ஆகிவிடும்? நான் அன்று இட்ட தலைப்பைவிடச் சற்றே கூடுதல். அவ்வளவுதான்!

எழுத்தறியாதார் கல் நட்டுப் பிறர் சுமையை இறக்க வழி செய்தார்கள். எழுத்தறிந்த நாம், இருக்கிற சுமையின்மேல் ஒரு சொல்லையும் ஏற்றி அவளை அனுப்புகிறோம். முதலில் அந்தச் சொல்லை இறக்குவோம்!