ஏந்திய படமும் எடுத்த படமும்

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் இருந்த போராட்டக் கொட்டகைக்கு நான் பல தடவைகள் கமராவுடன் போயிருக்கிறேன். ஒருநாள் ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். அவர் கையில் இருந்த மகனின் படத்துக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, முகத்தின் ஒரு பக்கம் வெளிறிப் போயிருந்தது. அதைப் படம்பிடித்து, திருத்தி, புதுப் பிரதி ஒன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அதற்கு முன் அவரை எத்தனையோ தடவை படம் எடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூட அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளுடைய தொடர் போராட்டம் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி அங்கே ஆரம்பித்தது. பின்னர் வவுனியா, முல்லைத்தீவு, மருதங்கேணி, திருகோணமலை என்று பரவியது. எல்லா இடத்திலும் அவர்களிடம் இருந்த பிரதான ஆயுதம் ஒரு படம்தான். அடையாள அட்டைக்கு எடுத்தது, கலியாண வீட்டுக் கூட்டத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தது, வெளிநாட்டில் இருந்த உறவினர் திருப்பி அனுப்பியது. அல்பங்களையெல்லாம் முள்ளிவாய்க்காலில் விட்டுவந்தவர்களுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அப்படியொரு ஆள் இல்லவே இல்லை என்று சொல்லமுடியாதபடி அரசின் முகத்துக்கு நேரே நீட்டப்படும் சாட்சியம் அது.

அந்தக் கொட்டகைகளைச் சுற்றி வேறு கமராக்களும் இருந்தன. புலனாய்வாளர்களின் கமரா, வந்து போகிறவர்களை அச்சுறுத்த எடுத்தது. எங்களைப் போன்ற ஊடகவியலாளர்கள், ஆய்வாளர்கள், நிறுவனங்களின் கமரா, பெரும்பாலும் அழும் முகத்தைத் தேடியது. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டிலும் எடுக்கப்பட்ட படம் எங்கே போகிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

அழும் முகத்தில் என்ன பிழை என்று கேட்கலாம். கண்ணீர் பொய்யல்ல. ஆனால், “நான் கையளித்த பிள்ளை எங்கே?” என்பது ஓர் அரசியல் கேள்வி. அழும் முகம் மட்டும் பிரசுரமாகும்போது அந்தக் கேள்வி இரக்கத்துக்குரிய விடயமாகச் சுருங்கிவிடுகிறது. இரக்கத்துக்குப் பதில் நிவாரணம், கேள்விக்குப் பதில் விசாரணை. 2022இல் குடும்பமொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபா வழங்க அமைச்சரவை அனுமதித்தபோது உறவுகளின் சங்கங்கள் அதை நிராகரித்தது இந்த வேறுபாடு தெரிந்ததால்தான்.

ஆர்ஜென்டீனாவின் அனுபவம் இங்கே உதவும். இராணுவ ஆட்சியால் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 1977 ஏப்ரல் 30ஆம் திகதி தாய்மார் மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கினர். 1983 செப்டெம்பரில் மூன்று ஓவியர்கள் ஒரு யோசனையுடன் அவர்களிடம் போனார்கள். காணாமல்போன ஒவ்வொருவருக்கும் ஆளளவில் ஒரு நிழலுருவம் வரைந்து நகரச் சுவர்களில் ஒட்டுவது என்பதே அது. தாய்மார் அதை அப்படியே ஏற்கவில்லை. உருவங்கள் தரையில் கிடக்கக்கூடாது, நிமிர்ந்து நிற்கவேண்டும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கவேண்டும் என்றார்கள். கிடக்கும் உருவம் மரணத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும். மரணச் சான்றிதழை வாங்க மறுக்கும் எங்கள் அம்மாமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. செப்டெம்பர் 21ஆம் திகதி, தெருவால் போனவர்களே கடதாசியில் படுத்துத் தங்கள் உடலை அளவாகக் கொடுத்தார்கள்.

இரண்டு வருடங்களில் இராணுவத் தளபதிகள் நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர். அதைச் செய்தது ஓவியம் அல்ல. ஆட்சி மாறியது, விசாரணை ஆணைக்குழு அமைந்தது. ஆனால், கேள்வி மங்கிப்போகாமல் பார்த்துக்கொண்டதில் அந்தச் சுவர்களுக்கும் பங்கு உண்டு.

எங்களிடமும் முன்மாதிரி இருக்கிறது. யாழ். பல்கலைக்கழகத்தின் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் நூலில், இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து தாங்களே வரைந்தார்கள். கலைஞரின் கோடு அதற்குப் பிறகுதான் வருகிறது. காணி உறுதியைத் தொலைத்தவர்களுக்கு அந்தக் கோணல் கோடுகளே தோம்பு.

செம்மணியில் மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, அடையாளம் காண்பதற்காக நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பழைய குடும்பப் படம் ஒன்றில் பிள்ளை போட்டிருக்கும் சட்டை, நாளை ஒரு சான்றாகலாம். அந்தப் படங்களோ லமினேற்றுக்குள்ளேயே மங்குகின்றன. அவற்றை ஏந்திய பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

ஆகவே, கமராவுடன் போகிறவர்கள் முதலில் செய்யவேண்டியது புதிய படம் எடுப்பதல்ல. இருக்கும் படங்களைத் தரமாகப் பிரதி செய்து, பெயர், எடுத்த காலம், யார் தந்தது என்ற விபரங்களுடன் குடும்பத்தின் கையிலேயே கொடுக்கவேண்டும். வேறு எங்கே வைப்பது, யாருக்குக் காட்டுவது என்பதை அவர்களே தீர்மானிக்கவேண்டும். கண்காட்சி வைப்பதானால் கொழும்புக்கும் ஜெனீவாவுக்கும் முன் அந்த ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் வைக்கலாம். எந்தப் படம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அங்கே அம்மாமாருக்கு இருக்கும்.

அந்த அம்மாவின் மகனுடைய படத்தைத் திருத்தி, இரண்டு பிரதிகள் போட்டுக் கொண்டுபோனேன். ஒன்றைச் சாமியறைக்கு என்று மடியில் வைத்துக்கொண்டார். மற்றதை ஏந்திக்கொண்டு வரிசையில் போய் நின்றார். அன்று நான் கமராவை வெளியில் எடுக்கவில்லை.