கணக்கு வராதது தலையெழுத்தா?

ஒரு பையன் கணக்குப் பரீட்சையில் தவறிவிட்டால் நம் நாட்டில் சொல்லப்படும் சமாதானம் என்ன? "அவன் தலையில் கணக்கு ஏறாது" என்கிறார் உபாத்தியாயர். "அவன் தலையெழுத்து" என்கிறார் தகப்பனார். பெண்ணாயிருந்துவிட்டால், "பெண்ணுக்குக் கணக்கு எதற்கு?" என்பதோடு விசாரணையே முடிந்துவிடுகின்றது. குற்றம் பிள்ளையின் தலையைச் சேர்ந்ததே ஒழிய, சொல்லிக்கொடுத்த முறையைச் சேர்ந்தது என்று மாத்திரம் ஒருவரும் ஒப்புவதில்லை.

1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 என்னும் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அந்த வேலைக்குத் தலைமை வகித்தவர் நமக்கு அடுத்த ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். அது ராக்கெட்டின் தலையெழுத்து என்று சும்மா இருந்துவிட்டார்களா? பாகம் பாகமாய்ச் சோதித்தார்கள். ஒரு வால்வு பழுதாகி அமிலம் ஒழுகிப்போனதே காரணமென்று கண்டு திருத்தினார்கள். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் வகை ரோகிணியை மேலே கொண்டுபோய் நிறுத்திற்று. முழுவதையும் ஓர் அமைப்பாகப் பார்த்து, பழுது எந்த மூட்டில் என்று தேடி, திருத்தி, மறுபடியும் சோதிப்பதற்கே அமைப்புப் பொறியியல் என்று பெயர்.

செட்டிநாட்டுக்கு இது புதிதா? பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடந்த கடைகளில் பெட்டியடிப் பையனாய்ச் சேர்ந்தவன் படிப்படியாகக் கணக்குக் கற்று ஏஜெண்டானான். ஐந்தொகை இடித்தால், பிசகு எந்த ஏட்டில் என்று தேடினார்களேயன்றி, பேரேட்டுக்கு ஜாதகம் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்திலோ, பின்னம் புரியாத பிள்ளையை அப்படியே இயற்கணிதத்துக்குத் தள்ளுகின்றோம். விஞ்ஞானத்தையும் மந்திரம்போல் உருப்போடச் செய்கின்றோம். ஆயுத பூஜையன்று சந்தனம் பூசுவதற்கு மாத்திரம் சோதனைக் கருவிகள் வெளியே வருமானால் அது விஞ்ஞானமா, வைதிகமா? உபாத்தியாயரை மட்டும் நாம் குறைகூற வரவில்லை. பாடத்தை முடித்தாயா என்று கேட்கின்ற மேலதிகாரியும், மார்க்கை மட்டும் கேட்கின்ற பெற்றோரும் இந்த அமைப்பின் பாகங்களே.

வழி இல்லாமலில்லை. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், கீழ்வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலையறிந்து பிரித்துச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தது. அந்தப் புத்தி மேல்வகுப்புக் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏன் ஆகாது?

அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கின்றது. இரும்பு ஏன் துருப்பிடிக்கின்றது என்று அங்கே ஆராய்கிறார்கள். அதே ஊரில் ஒரு கூலிக்காரர் பிள்ளையின் மூளை துருப்பிடித்ததென்று ஆராயாமலே தீர்ப்புச் சொல்லி, படிப்பை நிறுத்தலாமா?

தோழர்களே! இனி எவராவது "உன் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்றால், "எந்தப் பாடத்தில், எந்தப் படியில் தடுக்கிற்று?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையானால், பரீட்சையில் தவறியது பிள்ளையல்ல, பள்ளிக்கூடமே.